வசைக்கு நிதி கேட்ட கதை

போன மாதம் என் மனைவி ஒரு வெளிநாட்டுப் பெண்ணின் முன்னிலையில், ஊர் கூடியிருந்த இடத்தில், என்னைப் பாட்டாகவே ஏசினாள். ராகம் கொஞ்சமும் பிசகவில்லை.

நான் எழுந்து நின்று கை தட்டினேன்.

நில்லுங்கள்... அவசரப்பட்டு எனக்கு அனுதாபக் கடிதம் எழுதிவிடாதீர்கள். இது குடும்ப விவகாரம் இல்லை. ஆராய்ச்சி!

இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு என் தொழில் தெரியும். இன்றைக்குத்தான் முதல் தடவையாக மாட்டிக்கொண்டவர்களுக்குச் சொல்கிறேன்: வாவிக்கரையில் இருக்கும் ஒரு பல்கலைக்கழகத்தின் கலைப்பீடத்தில் தமிழ் படிப்பிக்கிறேன். கலைப்பீடத்தில் இருந்துகொண்டு ஆராய்ச்சிக்கு நிதி தேடுவது எப்படியிருக்கும் தெரியுமா? கலியாண வீட்டில் கடைசிப் பந்தியும் எழும்பிய பிறகு போய் நின்று, 'நானும் மாப்பிள்ளை பகுதிதான்' என்று சொல்வதைப் போல இருக்கும்.

எங்கள் கட்டடத்துக்கு எதிரே விஞ்ஞான பீடம். அங்கே ஒரு நண்பர் வாவி நண்டை ஆராய்கிறார். நண்டுக்கு மைக்ரோஸ்கோப் உண்டு, ஏசி அறை உண்டு, நோர்வே போய்வர டிக்கெட்டும் உண்டு — டிக்கெட் நண்டுக்கல்ல, நண்பருக்கு. எங்கள் துறையில் ஒரு மின்விசிறி உண்டு. அதுவும் தலைவர் அறையில் இருக்கிறது. அது சுற்றுகிறதா என்பதே தனி ஆராய்ச்சி.

சுனாமி வந்தது. நாங்கள் அழுது முடிப்பதற்குள் வெள்ளை ஜீப்புகள் வந்தன. வீடு கட்டினார்கள், வலை கொடுத்தார்கள், கிணறு இறைத்தார்கள். நல்ல காரியம்தான், குறை சொல்லவில்லை. நானும் சும்மா இருக்கவில்லை. 'பழந்தமிழ் இலக்கியத்தில் கடல்கோள்' என்று ஒரு திட்டம் எழுதி அனுப்பினேன். அந்த நேரத்தில் இதைவிடப் பொருத்தமாக ஒரு தமிழ் வாத்தியார் வேறென்னத்தை எழுத முடியும்? மிகப் பணிவாகப் பதில் வந்தது: 'இத்திட்டத்தின் முடிவில் எத்தனை வள்ளங்கள் வழங்கப்படும்?'

பிறகு யுத்தம் முடிந்தது. ஜீப்புகள் அதே ஜீப்புகள். கதவில் ஒட்டியிருந்த சொற்கள்தான் மாறின. நல்லிணக்கம்... சகவாழ்வு... முரண்பாட்டு உருமாற்றம்... இந்தக் கடைசிச் சொல்லை முதலில் கேட்டபோது ஏதோ விலங்கியல் சமாசாரம் என்று நினைத்து, விவரம் கேட்டு வந்தவரை நண்டு நண்பரிடம் அனுப்பி வைத்தேன்.

யோகா அழுதபடி என் அறைக்கு வந்திருக்காவிட்டால் நான் அந்தச் சொல்லை மறந்தே போயிருப்பேன்.

யோகா எங்கள் துறையின் தற்காலிக உதவி விரிவுரையாளர். பனிச்சங்கேணி என்ற ஊர்ப் பிள்ளை. எதிரே ஆடு வந்தாலும் ஒதுங்கி வழிவிடுகிற சுபாவம். அப்படிப்பட்டவள் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட விஷயம் என்ன தெரியுமா? வசைப்பாட்டு! எங்கள் பகுதி அம்மன் கோயில்களில் கொம்புமுறி என்று ஒரு விளையாட்டு உண்டு. ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரியும். வளைந்த இரண்டு வைர மரக் கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, கயிறு கட்டி, இரண்டு பக்கமும் இழுப்பார்கள். ஒரு கொம்பு முறியும். அதற்குப் பிறகு ஒரு பக்கம் மற்றப் பக்கத்தைப் பாட்டால் கிழிக்கும். அந்தப் பாட்டுகளைத்தான் யோகா ஊர் ஊராகப் போய் ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்தாள். அவளுடைய சேகரிப்பைக் கேட்டால் லொறிக்காரனும் காதைப் பொத்துவான். அவளோ ஒன்றுக்கும் முகம் சுளிக்காமல் சீர் பிரித்துக்கொண்டிருப்பாள்.

"சேர், என்ட நியமனம் இந்த வருசத்தோட முடியுது. கம்பஸில நீடிக்க வழியில்லயாம். புரொஜெக்ட் ஒண்டு இரிந்தா மட்டும் வெச்சிரிக்கலாமாம்."

"இல்லாட்டி?"

"வவுனியாவில ஒரு என்.ஜி.ஓ. வேலை தாறண்டு சொல்றாங்க. கக்கூசு எண்ணுற வேலை, சேர். மறுகா இந்தப் பாட்டையெல்லாம் ஆரு பாப்பாங்க?"

அந்த நிமிடத்தில்தான் எனக்கு மூளை வேலை செய்தது. ஊர் இரண்டாகப் பிரிகிறது. மோதுகிறது. ஏசுகிறது. பிறகு ஒன்றாகிறது. இது முரண்பாட்டு உருமாற்றம் இல்லாமல் வேறென்ன? இரண்டு பேருமாக உட்கார்ந்து எழுதினோம். 'வசை' என்று வருகிற இடமெல்லாம் 'மரபுவழி உரையாடல்' என்று மாற்றினோம். 'கெட்ட வார்த்தை' என்பதை 'திறந்த மனப் பரிமாற்றம்' ஆக்கினோம். எழுதி முடித்தபோது எனக்கே நல்லிணக்கம் வந்துவிட்டது.

ஒரு ஐரோப்பிய நிதியம் பதில் போட்டது. வள்ளம் கேட்கவில்லை! 'எங்கள் அதிகாரி நேரில் வந்து ஒரு செய்முறை பார்ப்பார். அதன் பிறகே முடிவு.'

செய்முறைக்கு என் மனைவியின் ஊரைத் தெரிவு செய்தேன். வாவிக்கு அங்கால், படுவான்கரையில் இருக்கிறது. ஊர்ப் பெயரைச் சொல்லமாட்டேன். அடுத்த தடவை கொம்பு முறியும்போது என் பெயர் பாட்டில் வந்துவிடும்.

மனைவி தவமணி பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவள். "நானும் வாறன், மாமிட வீட்ட போய்க் கனகாலம்" என்று ஜீப்பில் ஏறிவிட்டாள். நிதியத்து அதிகாரியின் பெயர் இங்கிரிட். நல்ல உயரம், கையில் குடை, முகத்தில் எதையும் நம்பாத ஒரு சிரிப்பு. யோகா அவளுக்கு மொழிபெயர்ப்பாளர்.

நாங்கள் போய் இறங்கினால், கோயில் முன்றலில் பந்தல்! பிளாஸ்டிக் கதிரைகள்! மேள தாளம்! இங்கிரிட்டுக்கு மாலை போட்டார்கள். சோடா உடைத்துக் கொடுத்தார்கள். வாழைப்பழத்தை ஒரு சீப்பாகவே கையில் வைத்தார்கள். வடசேரியும் தென்சேரியும் அண்ணன் தம்பிபோல் ஒட்டி உட்கார்ந்திருந்தன. ஊர் மாறி வந்துவிட்டோமோ என்று கோயில் பெயரை வாசித்துப் பார்த்தேன்.

கோயில் பொறுப்பைப் பார்க்கிற வண்ணக்கர் எழுந்தார். வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. நான் ஆரம்பித்து வைத்தேன். "வண்ணக்கர், உங்கட ஊரில ரெண்டு பக்கம் இரிக்கிதானே... அதப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்களன்."

"பக்கமா?" வண்ணக்கர் ஜீப்பை ஒரு தடவை பார்த்தார். "இஞ்ச பக்கம் கிக்கம் ஒண்டும் இல்ல, சேர். நாங்க எல்லாரும் ஒற்றுமையா இரிக்கம்."

"இல்ல, இந்த வடசேரி, தென்சேரி..."

"அப்பிடி ஆரும் இல்ல."

"ஏசிப் பாடுவீங்களே..."

"சீச்சீ!" என்றது கூட்டம் முழுவதும் ஒரே குரலில். வடசேரியும் தென்சேரியும் ஒரே ராகத்தில் பொய் சொன்னதை அன்றைக்குத்தான் கேட்டேன்.

தப்பு அவர்களில் இல்லை. முழுத் தப்பும் என்னில்தான். இந்தப் பக்கத்தில் வாகனத்தில் வந்து இறங்கியவர்கள் எல்லோரும் இத்தனை வருடமாகக் கேட்டது ஒரே கேள்வி — 'நீ எந்தப் பக்கம்?' அதற்கு உயிர் தப்புகிற பதில் ஒன்றுதான் இருந்தது: 'எந்தப் பக்கமும் இல்லை.' சுனாமிக்குப் பிறகு வந்த ஜீப்புகளுக்கும் அதே பதில் கச்சிதமாகப் பொருந்தியது. ஒற்றுமையான ஊருக்குத்தானே கிணறு! அப்படிப் பழகிய சனத்திடம் போய், அதுவும் வெள்ளை ஜீப்பில் போய், 'உங்களில் யார் எந்தப் பக்கம்?' என்று கேட்கிறேன். தமிழில் கலாநிதிப் பட்டம் வாங்கிய மூளை இது.

யோகா மொழிபெயர்த்தாள். இங்கிரிட் தலையை ஆட்டினாள். பேனாவை மூடினாள். பிறகு குடையை எடுத்தாள். குடையை எடுத்துவிட்டாள் என்றால் சரி, யோகாவுக்கு வவுனியாதான்.

"சேர்..." என்றாள் யோகா.

அப்போதுதான் பந்தலின் பின்னாலிருந்து ஒரு சத்தம்.

"என்ன பெரியப்பா, பட்டப்பகலில இப்பிடிப் பொய் சொல்றீங்க? வடசேரி இல்லயெண்டா அப்ப நான் ஆரு?"

தவமணி. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகியிருந்தாள். அவள் செருகினால் என்ன அர்த்தம் என்பது எனக்குத் தெரியும்.

"புள்ள, நீ சும்மா இரி கா" என்றார் வண்ணக்கர். "வந்தவங்களுக்கு முன்னால..."

"வந்தவங்க இரிக்கட்டும். தென்சேரி இல்லயெண்டா இந்தா குந்தி இரிக்காரே, இவரு ஆரு?"

கையை நீட்டினாள். நேராக என்னை நோக்கி. இங்கே ஒரு விஷயம்: சேரி தகப்பன் வழியாக வருவது. ஆகவே புருஷன் ஒரு சேரி, பெண்சாதி எதிர்ச்சேரி என்பது எங்கள் பக்கத்தில் சர்வசாதாரணம். என் தகப்பன் தென்சேரி. இத்தனை வருடம் ஒரே கூரையின் கீழ், அதுவும் அவளுடைய சீதன வீட்டுக் கூரையின் கீழ், எதிரியோடு குடியிருந்திருக்கிறேன்.

தவமணி தொண்டையைக் கனைத்தாள்.

தென்சேரி மாப்பிள்ளையாம், தேசமெல்லாம் படிச்சவராம்,
தேங்காய் திருவச் சொன்னால் திருவலைக்கு வழி கேட்பாராம்!

 பெண்கள் பக்கத்தில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பு வரிசை வரிசையாகப் பரவி வந்து ஆண்கள் பக்கத்தில் விழுந்தது. அங்கே பேரின்பம் என்ற ட்ரக்டர்காரர் இருந்தார். சுத்தத் தென்சேரி. அவரால் பொறுக்க முடியவில்லை. கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

வடசேரிப் பெண்ணெடுத்தோம், வாழ வழி காட்டுமெண்டு;
வாய்க்கொரு வரம்பு கட்ட வயல்காரன் தேடுகிறோம்!

நான் அப்போதுதான் எழுந்து கை தட்டினேன். என் பக்கத்து ஆள் அல்லவா!

அவ்வளவுதான். மடை திறந்துவிட்டது. தவமணியின் தகப்பனோடு பிறந்த மாமியே எழுந்துவிட்டாள்.

வரம்பு கட்ட வாறவரே, வட்டைப் பக்கம் போனதுண்டோ?
வெள்ளாமைக் காவலிலே வெயிலேறக் குறட்டைவிட்டீர்!

ஒட்டிக் கிடந்த கதிரைகள் தாமாகவே இரண்டு பக்கமாக விலகின. மேளக்காரர் எந்தப் பக்கத்துக்கு அடிப்பது என்று தெரியாமல் இரண்டு பக்கத்துக்கும் அடித்தார். யோகா வியர்க்க வியர்க்க மொழிபெயர்த்தாள். இங்கிரிட் குடையைக் கீழே போட்டுவிட்டு ரெக்கோர்டரை உயரப் பிடித்துக்கொண்டு நின்றாள். கடைசியில் யார் எழுந்தார் என்று நினைக்கிறீர்கள்? திருநீற்றைத் துடைத்துவிட்டு, வண்ணக்கர்! அவர் பாடியதை இந்தப் பத்திரிகை அச்சிடாது.

"இவர் என்ன சொல்கிறார்?" என்று ஆவலோடு கேட்டாள் இங்கிரிட்.

யோகா முதல் தடவையாகச் சிவந்துபோனாள். "அது... விவசாயம் சம்பந்தமானது."

அந்த நேரம் பார்த்து வேலியோரம் இரண்டு சைக்கிள்கள் வந்து நின்றன. ரோந்து போகிற இராணுவப் பையன்கள். பாட்டு, ரேடியோவை நிற்பாட்டியது போல் நின்றது. கண் மூடித் திறப்பதற்குள் இரண்டு சேரியும் பழையபடி ஒரே வரிசையில் உட்கார்ந்துவிட்டன. வண்ணக்கரின் கை தானாகவே சட்டைப் பைக்குப் போனது, அடையாள அட்டைக்கு.

என்ன சத்தம், என்ன பிரச்சினை என்று ஒருவன் சிங்களத்தில் கேட்டான். எல்லோரும் நிலத்தைப் பார்த்தார்கள்.

தவமணி என்னைச் சுட்டிக்காட்டினாள். "மகே மஹத்தயா" என்றாள். என் புருஷன். அத்தோடு தன் தலையில் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டாள்.

பையன்கள் என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். பார்த்ததும் எல்லாம் விளங்கிவிட்டது போலிருக்கிறது. ஒருவன் சிரித்தான். மற்றவன் எனக்காகப் பரிதாபப்பட்டான். சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்கள். அவர்கள் வளைவில் மறைந்ததும் ஊரில் எழும்பிய சிரிப்பு இருக்கிறதே... வண்ணக்கர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது சிரித்துச் சிரித்து வந்த கண்ணீர்.

இங்கிரிட் கடைசியாக ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "இவ்வளவு ஏசிக்கொள்கிறீர்களே, முடிந்த பிறகு என்ன செய்வீர்கள்?"

வண்ணக்கருக்குக் கேள்வியே விளங்கவில்லை. "என்ன செய்யிற? பசிக்கும்தானே. சாப்பிடுவம்."

நானும் யோகாவும் பக்கம் பக்கமாக எழுதிய 'எதிர்பார்க்கும் விளைவு' அவ்வளவுதான்.

முந்தநாள் மின்னஞ்சல் வந்தது. நிதி கிடைத்துவிட்டது! யோகா படிகளில் ஓடி வந்தாள். ஓடினாள் என்றா சொன்னேன்? எதிரே வந்த எங்கள் கலைப்பீடாதிபதியை இடித்துக்கொண்டு வந்தாள். வழிவிடவில்லை. "சேர், வவுனியாக்கு ஃபோன் பண்ணி வரல்லயெண்டு சொல்லிற்றன்! கக்கூச வேற ஆரும் எண்ணட்டும்!" அன்று எங்கள் துறையில் எல்லோரும் கன்ரீனுக்குப் போய் ரோல்ஸ் சாப்பிட்டோம். நண்டு நண்பரையும் கூப்பிட்டோம், பெருந்தன்மையோடு.

மின்னஞ்சலின் கீழே ஒரு நிபந்தனை இருந்தது. திட்டக் காலம் முழுவதும் பிரதான வளவாளராக, அதாவது வசை பாடிக் காட்டுகிறவராக, திருமதி தவமணி பணியாற்ற வேண்டும், அவருக்கு மாதாந்தக் கொடுப்பனவு உண்டு.

மனைவியிடம் ஏச்சு வாங்குவதற்கு வெளிநாட்டு நிதி வருமென்று எனக்கு யாரும் சொல்லவில்லையே... இத்தனை வருடமும் இலவசமாக அல்லவா வாங்கிக்கொண்டிருந்தேன்!