திருவளர்ச்செல்வி

வகுப்பில் பெயரடை நடத்தும்போது ஒரே வரியில் முடித்துவிடுவேன். பெயருக்கு முன்னால் நின்று அது எப்படிப்பட்டது என்று சொல்லும் சொல். நல்ல தண்ணீர், பெரிய குடம். பரீட்சைக்கு அதற்கு மேல் வேண்டாம்.

ஆனால் திண்டுக்கல்லில் தமிழாசிரியராக இருந்தால் தெரிந்தவர்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையெல்லாம் திருத்தத்துக்கு நம்மிடம்தான் வரும். அங்கே அடை லேசுப்பட்ட விஷயமில்லை. மணப்பெண்ணுக்குப் பின்னால் தம்பியோ தங்கையோ கல்யாணத்துக்கு இருந்தால், பெயருக்கு முன் 'திருவளர்ச்செல்வி'. அதுவே வீட்டின் கடைசிக் கல்யாணம் என்றால் 'திருநிறைச்செல்வி'. மாற்றிப் போட்டவர்களை நான் சும்மா விட்டதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

என் மூத்த மகளின் பத்திரிகையை அடிக்கக் கொடுத்தபோது, அச்சகக்காரர் எல்லோரிடமும் கேட்பதை என்னிடமும் கேட்டார்.

"சார், இதான் கடைசிக் கல்யாணமா, இன்னும் இருக்கா?"

சின்னவள் டெங்குக் காய்ச்சலில் இறந்துபோனது அவருக்குத் தெரியாது. அவர் மேல் தப்பில்லை. ஆனாலும் அந்த ஆளை அறைய வேண்டும் போலிருந்தது.

"கடைசிதான்," என்றேன்.

மாதிரித் தாளை வீட்டுக்குக் கொண்டுபோனேன். மனைவி படித்துவிட்டு அதை மேசையில் போட்டாள்.

"திருநிறைன்னு போடச் சொன்னது யாரு?"

"நான்தான். முறைப்படி அதுதான் சரி."

"உங்க முறையத் தூக்கிக் குப்பையில போடுங்க. எனக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைக. மாத்தலைன்னா இந்தப் பத்திரிகைய ஒருத்தருக்கும் வைக்க மாட்டேன்."

மாற்றினேன். விஷயம் தெரிந்த சொந்தக்காரர்கள் அந்த வரியைப் படித்துவிட்டு, பத்திரிகையை உறைக்குள் போட்டுக்கொண்டு, காப்பி குடித்துவிட்டுப் போனார்கள்.

கல்யாணத்தன்று பந்தி நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளைக்குத் தூரத்து உறவு என்று ஒட்டன்சத்திரத்துக்காரர் ஒருவர் எங்களைத் தேடி வந்தார்.

"ஏனுங்க, திருவளர்ச்செல்வின்னு போட்டிருக்கீங்களே, அடுத்து ஒரு பொண்ணு இருக்குதுங்களா? எங்க தங்கச்சி பையன் ஒருத்தன் இருக்கானுங்க. தங்கமானவனுங்க."

சொல்லித்தானே ஆக வேண்டும் என்று தொண்டையைச் செருமினேன். மனைவி என் கையைப் பிடித்து அழுத்தினாள். அவள் முகம் அப்படி மலர்ந்ததைச் சின்னவள் போன பிறகு அன்றுதான் பார்த்தேன். பயந்துபோனேன்.

"இருக்கா. படிச்சுக்கிட்டு இருக்கா," என்றாள் அவரிடம். "முடிக்கட்டும், சொல்லி விடுறோம்."