ஒன்பதாம் எண் குழாய்

1991-இல், வைரஸ் ஆய்வுக்கூடத்தில் எனக்கு அது இரண்டாவது வருடம். தண்டலத்தில் நெடுஞ்சாலையோரம் லாரிகள் நிற்கும் இடத்துக்கு, ஓட்டுநர்களிடம் ரத்தம் எடுக்க அனுப்பினார்கள். எச்.ஐ.வி. எவ்வளவு பரவியிருக்கிறது என்று அறியும் ஆய்வு அது. யாருக்கு இருக்கிறது என்று அறிவதற்கல்ல. ஆகவே பெயர் கேட்கக் கூடாது. குழாயில் எண் மட்டும் ஒட்ட வேண்டும். எந்த எண் யாருடையது என்று எங்கும் குறிக்கக் கூடாது.

அன்று இருபத்திரண்டு பேர் வந்தார்கள். ஒன்பதாவதாக உட்கார்ந்தவர் வாலாஜாபாத்காரர், என் வயதுதான் இருக்கும். சட்டைக் கையை மடித்துக்கொண்டே, "பாத்து எடு சார், அடுத்த மாசம் கல்யாணம்" என்றார்.

"அவனுக்கு ரெண்டு பாட்டில் சேத்து எடு சார், கொஞ்சம் அடங்குவான்" என்றார் பின்னால் நின்ற கூட்டாளி. வரிசையே சிரித்தது.

பஞ்சை அழுத்திப் பிடித்தபடி அவர் கேட்டார்: "ரிசல்ட்டு எப்ப சார் சொல்லுவீங்க?"

"சொல்ல மாட்டோம். இது யார் ரத்தம்னு எங்களுக்கே தெரியாது."

"இன்னா சார் இது. அப்ப நீங்க ஒண்ணும் சொல்லலன்னா நான் நல்லாக்கீறேன்னு அர்த்தமா?"

இன்னும் பதின்மூன்று பேர் காத்திருந்தார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. "அப்படித்தான் வெச்சுக்கங்க" என்றேன்.

மாலையில் அறைக்குத் திரும்பி நாட்குறிப்பு எழுதினேன். பஸ் நேரம், சாப்பிட்டது, பார்த்தவர்கள் எல்லாவற்றையும் வரிசையாக எழுதுவது பள்ளி நாளிலிருந்து என் பழக்கம். '9: வாலாஜாபாத், அடுத்த மாதம் திருமணம்' என்று எழுதியபோது விதியை மீறுகிறேன் என்று தோன்றவே இல்லை.

நான்கு நாள் கழித்து, சோதனைத் தட்டில் ஒரே ஒரு குழி, கிருமி இருப்பதற்கு அடையாளமாக, மஞ்சளாக மாறியது. திரும்பச் செய்தேன். வேறு முறையிலும் செய்து பார்த்தேன். ஒன்பதுதான்.

ஆய்வுத் தலைவரிடம் போனேன். நாட்குறிப்பில் எழுதியிருப்பதைச் சொன்னதும் அவர் முகம் மாறியது. "முதல்ல அந்தப் பக்கத்தைக் கிழி" என்றார். பிறகு, "போய் எல்லாரையும் கூப்பிடு. பேர் கொடுத்து தனியா ஒரு டெஸ்ட் பண்ணிக்கச் சொல்லு. அவனை மட்டும் தனியா இழுக்காதே" என்றார்.

சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம். தண்டலம் போகும் பஸ்ஸில் அதைப் பல முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். இறங்கியதும் அவரே எதிரே வந்தார், கையில் மஞ்சள் பை நிறையக் கல்யாணப் பத்திரிகைகள். ஒன்றை எடுத்து நீட்டினார்.

"நீங்க ஒண்ணும் சொல்லலியே சார். அப்பவே தெரிஞ்சிகினேன்."

"டாக்டரே வந்துட்டாரு. இனிமே நீ ஓட முடியாது மாப்ள" என்றார் அதே கூட்டாளி.

நான் டாக்டர் இல்லை என்றேன். அதை மட்டும்தான் சொன்னேன். மாப்பிள்ளை வாங்கித் தந்த டீயைக் குடித்தேன். அன்றைய நாட்குறிப்பில் 'தண்டலம். டீ. திரும்பி வர 11.40 பஸ்' என்று இருக்கிறது. அவ்வளவுதான்.

அப்போது இருந்த ஒரே மருந்து அவர் கைக்கு எட்டாதது, சொல்லி என்ன ஆகியிருக்கும் என்று சில வருடங்கள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அவர் கட்டவிருந்த பெண்ணைக் காப்பாற்ற மருந்தே தேவைப்படவில்லை. ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது.

பிறகு என் வேலை முழுக்க மருந்துகளோடுதான். எந்த வைரஸ் எந்த மருந்துக்கு அடங்குகிறது, எப்போது அடங்க மறுக்கிறது என்று பார்ப்பது. மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் ஆட்கள் பிழைக்கிறார்கள் என்று தெரிந்தபோது அந்தக் கல்யாணப் பத்திரிகையை எடுத்துப் பார்த்தேன். அரசு மருத்துவமனையில் அவை இலவசமாகக் கிடைத்தபோதும் எடுத்துப் பார்த்தேன். இரண்டு வீட்டு முகவரிகளும் அதில் இருக்கின்றன. பெண் வீடு படப்பை.

நாட்குறிப்பின் அந்தப் பக்கத்தை நான் கிழிக்கவில்லை. பத்திரிகை அதற்குள்தான் இருக்கிறது. வேலையாகக் காஞ்சிபுரம் போகும்போதெல்லாம் வாலாஜாபாத்தில் பஸ் பத்து நிமிடம் நிற்கும். ஒருமுறைகூட இறங்கியதில்லை.