பாப்பாரப்பட்டி லாரிகளைக் கண்டுபிடித்தவள்

போன வெள்ளிக்கிழமை காலை ஜமீலாவின் மகன் பெங்களூரிலிருந்து போன் செய்தான். "சித்தி, அம்மா போயிட்டாங்க" என்றான். நான் உடனே, "எங்கேடா போனா, எங்கிட்டச் சொல்லாம?" என்று கேட்டுவிட்டேன். எழுபத்தைந்து வயதுக்காரி கேட்கிற கேள்வியா அது? ஆனால் என்னிடம் சொல்லாமல் அவள் எங்கேயும் போனதில்லை. எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது, அழுகை பிறகுதான் வந்தது.

கம்ப்யூட்டர் பிரிவில் அவளோடு வேலை பார்த்த உங்களுக்கெல்லாம் அவளை ஜமீலா மேடமாகத் தெரியும். அவள் எழுதிய புரோகிராமில் தப்புக் கண்டுபிடித்தால் டீ வாங்கித் தருவதாக உங்களில் எத்தனையோ பேரிடம் பந்தயம் கட்டி, ஒருவருக்கும் டீ வாங்கித் தராத கஞ்சப்பிசினாரி அவள். அந்த மேடம் எப்படி மேடம் ஆனாள் என்பது எனக்கும் அவள் கணவர் இப்ராஹிம் அண்ணனுக்கும் மட்டும்தான் தெரியும். அண்ணனும் இப்போது இல்லை. ஆகவே நான் சொல்லித்தான் ஆகவேண்டும்.

எழுபதுகளின் நடுவில் தர்மபுரியில் ஓர் அலுவலகத்தில் நாங்கள் இருவரும் தற்காலிக டைப்பிஸ்டுகள். நான் அதியமான்கோட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவேன். அவளுக்கு வீடு டவுனிலேயே. எங்கள் பெயருக்கு முன்னால் இருந்த அந்தத் 'தற்காலிக' என்ற சொல் எங்களைத் தூங்கவிடாது. மார்ச்சோடு எங்களை நிறுத்தப்போகிறார்கள் என்று ஐப்பசியிலேயே பேச்சு வந்துவிட்டது. அவள் பி.எஸ்சி. கணக்குப் படித்தவள். பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் புரோகிராமர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று பேப்பரில் பார்த்தாள். கோபோல் தெரிந்திருக்க வேண்டும் என்று போட்டிருந்தது. அது கம்பெனிகளின் வேலையைக் கம்ப்யூட்டரிடம் சொல்லி வாங்குகிற மொழி என்பதே அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது.

இப்ராஹிம் அண்ணனுக்கு லாரி உதிரிபாகக் கடை. பெங்களூரில் சரக்கு எடுத்து வருவார். அந்தச் சாமான்களைச் சுற்றி வந்த காகிதம் ஒருநாள் ஜமீலாவின் கண்ணில் பட்டது. அகலமான காகிதம், இரண்டு ஓரத்திலும் வரிசையாக ஓட்டை, எல்லாம் இங்கிலீஷ் பெரிய எழுத்து. கிரீஸைத் துடைத்துவிட்டுப் படித்தாள். இதைக் கூட்டு, அதை அங்கே மாற்று, இது முடிந்தால் அங்கே போ என்று யாரோ யாருக்கோ உத்தரவு போட்டிருந்தார்கள். மேலே முதல் வரியிலேயே கோபோல் என்று இருந்தது. எங்கேயோ ஓர் ஆபீஸ் பழைய காகிதமென்று எடைக்குப் போட்டதை பெங்களூர்க் கடைக்காரர் வாங்கிப் பொட்டலம் கட்டியிருக்கிறார்.

"ஏங்க, இனிமே சாமான் வாங்கலைன்னாலும் பரவால்ல, இந்தப் பேப்பரு வாங்கிட்டு வாங்க" என்றாள்.

"கடைய மூடிட்டுப் பழைய பேப்பர் யாவாரம் பண்ணவா?" என்று கேட்டார் அண்ணன். ஆனால் அடுத்த முறை ஒரு மூட்டையே வந்தது. நடைபாதைக் கடையில் பாதி கிழிந்த கோபோல் புத்தகம் ஒன்றையும் தேடிக்கொண்டு வந்தார்.

இதைக் கேள்விப்பட்ட எங்கள் ஹெட் கிளார்க், "டைப் அடிக்கிற பொம்பளைக்கு எதுக்கும்மா இந்த வேலையெல்லாம்?" என்றார். "டைப் அடிச்சாலும் மார்ச்சுல அனுப்பிடுவீங்களே சார்" என்றாள் ஜமீலா.

கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்க்காமல் எப்படிப் பழகுவது? அதற்கும் வழி கண்டுபிடித்தாள். அவள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்களே கம்ப்யூட்டர் ஆனோம். அட்டைப்பெட்டியை வெட்டி, அண்ணன் கடைக்கு வரும் லாரிகளை, ஓர் அட்டைக்கு ஒரு லாரி என்று, லாரி எண்ணையும் அது எந்த ஊர் என்பதையும் எழுதி, ஊர் வாரியாக அடுக்கினோம். அண்ணன் அட்டையை ஒவ்வொன்றாக நீட்டுவார். நான் சிலேட்டில் எண்ணிக்கையை ஏற்றுவேன். ஊர் பெயர் மாறினால், முந்தின ஊருக்கு எத்தனை லாரி என்று அறிவித்துவிட்டு, சிலேட்டை அழித்துப் புதிதாகத் தொடங்க வேண்டும். ஜமீலா எழுதியிருப்பதைத் தவிர வேறு எதையும் நான் செய்யக்கூடாது. கொஞ்சம் யோசித்துச் செய்துவிட்டால் திட்டுவாள். "மிஷினுக்குப் புத்தி கிடையாது, புள்ள. சொன்னதைத்தான் செய்யும். நீ ரொம்பப் புத்திசாலியா இருக்காத!"

அதியமான்கோட்டைக் கணக்கு வந்தது, பொம்மிடிக் கணக்கு வந்தது. பாப்பாரப்பட்டி வரவேயில்லை. மூன்று ஞாயிறு ஆகியும் வரவில்லை.

"பாப்பாரப்பட்டி லாரியெல்லாம் எங்கம்மா போச்சு? என் பொழப்பே அந்த ஊருலதான் இருக்கு!" என்று அண்ணன் பதறினார்.

அவள் பார்த்து எழுதிய காகிதக் கட்டுகளில் கடைசிப் பக்கம் இருந்ததே இல்லை. பொட்டலத்தின் மேல்சுற்றாகப் போய், கயிறு இழுத்துக் கிழிந்திருக்கும். புத்தகத்திலும் பின்பாதி கிடையாது. ஒரு புரோகிராம் எப்படி முடியும் என்பதை அவள் பார்த்ததே இல்லை. அடுத்த வாரம் ஆபீஸில் டைப் அடித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று கையை நிறுத்தி என் தோளில் ஓங்கி அடித்தாள். "ஊரு பேரு மாறினாத்தானே நீ சொல்ற? பாப்பாரப்பட்டிக்கு அப்புறம் ஊரே இல்லையே! அட்டை தீர்ந்ததும் கையில இருக்கற கணக்கையும் கொட்டுன்னு நான் சொல்லவேயில்ல!" அந்த ஞாயிறு பாப்பாரப்பட்டி ஐந்து லாரிகளோடு வந்து சேர்ந்தது. அண்ணன் பிரியாணியே போட்டுவிட்டார்.

பெங்களூர் தேர்வுக்கு மூவருமாகப் போனோம். நானும் அண்ணனும் கேட்டுக்கு வெளியே நின்றோம். உள்ளே எட்டுப் பேர். மற்ற ஏழு பேரும் நகரத்தில் முறையாகப் பயிற்சி எடுத்தவர்கள். தொழிற்சாலையின் ஸ்டோர் சாமான்களைப் பிரிவு வாரியாக எண்ணும் ஒரு புரோகிராமையும், அது அச்சடித்த பட்டியலையும், பிரிவுகளின் பெயர்களையும் கொடுத்து, ஒரு மணி நேரத்தில் தப்பைக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். எல்லாரும் புரோகிராமை வரி வரியாக மேய்ந்தார்கள். இவள் முதலில் புரோகிராமைத் தொடவே இல்லை. பட்டியலில் பிரிவுகளை எண்ணினாள். கடைசிப் பிரிவு இல்லை. நேராகப் புரோகிராமின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, அங்கே இல்லாமற்போன வரிகளை எழுதிக் கொடுத்துவிட்டு எழுந்தாள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்தப் புரோகிராமில் எழுதியிருந்ததில் ஒரு தப்பும் இல்லை. எழுதாமல் விட்டதுதான் தப்பு.

அங்கே இங்கிலீஷில் பேசியதை வெளியே வந்து எங்களிடம் நம் பேச்சில் சொன்னாள். "'கம்ப்யூட்டரைப் பார்த்திருக்கீங்களா'ன்னு தேர்வு வச்ச ஆபீசரு கேட்டாரு. 'இல்லைங்க சார், பார்க்கத்தான் வந்திருக்கேன்'னேன். எழுந்து வந்து அவரே கம்ப்யூட்டர் ரூம் கதவைத் திறந்து காட்டினாருங்க!"

அண்ணன் நடுரோட்டில் குழந்தை மாதிரி அழுதார். எனக்கும் தலைகால் புரியவில்லை. எங்களில் ஒருத்தி தப்பித்துவிட்டாள்!

மார்ச்சில் என்னை நிறுத்தினார்கள். ஆடியில் அவளிடமிருந்து தந்தி வந்தது: உடனே வா. பஞ்ச் ரூமில், கம்ப்யூட்டர் படிக்கிற அட்டைகளில் ஓட்டை போட ஆள் வேண்டுமாம், டைப்பில் வேகம் வேண்டுமாம். சிபாரிசு என்று யாரும் சொல்லிவிடக் கூடாதென்று, தேர்வு நடந்த அறைப் பக்கமே அவள் வரவில்லை. நான் ஜெயித்த பிறகுதான் வந்தாள். மேனேஜர், "இவங்களை முன்னமே தெரியுமா?" என்று கேட்டார். "நான் வேலை பார்த்த முதல் மிஷினே இவதாங்க சார்" என்றாள்.

அடக்கத்தன்று உங்களில் பலர் அவளுடைய அறிவைப் பற்றிச் சொன்னீர்கள். சந்தோஷமாக இருந்தது. அது உங்கள் பங்கு, வைத்துக்கொள்ளுங்கள். என் பங்கு வேறு. அந்தத் தொழிற்சாலையில் நான் முப்பத்தொரு வருஷம் நிரந்தர வேலை பார்த்தேன். அத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட, நாளைக்கு வேலை இருக்குமா என்று நினைத்துக்கொண்டு நான் படுக்கவில்லை. ஜமீலா, அந்தத் தூக்கம் முழுவதும் நீ கொடுத்தது.