குலைக்கிற மெஷினும் பாரை மீனும்

பருத்தித்துறைச் சந்தையில் நல்ல பாரை மீன் ஒன்று வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடக்கிறேன். மத்தியானம் மகள் வீட்டுக்குச் சம்பந்தியார் சாப்பிட வருகிறார்கள். சந்தைக்குப் பின்னால் நாலு பேர் இரண்டு கட்சியாக முந்நூற்றிநாலு சீட்டாட்டம் விளையாடுகிறார்கள். கடுதாசியைக் குலைப்பது கை இல்லை, கனடாவிலிருந்து வந்த ஒரு சின்ன மெஷின்.

"கசினோவிலை இருக்கிற சாமான், ஐயா. உந்த மெஷினை ஒருத்தரும் வெல்லேலாது," என்கிறார் ஆட்டத்தில் இருக்கும் மீன்காரர் அல்பேட்.

எட்டாம் வகுப்பே தாண்டாமல் மூன்று லொறிக்கு முதலாளியானவன் நான். என்னிடமா இந்தக் கதை? ஆட்டத்தில் வெல்வேன் என்று பாரையைப் பந்தயம் வைக்கிறேன். அல்பேட்டுக்கு எதிர்க்கட்சியில் ஒருவர் எழும்பி இடம் தருகிறார்.

ஒரு ஆட்டத்திலேயே சூட்சுமம் பிடிபடுகிறது. இரண்டு பக்கமும் வைக்கிற கடுதாசியை மெஷின் ஒன்றுக்குள் ஒன்று செருகுகிறது, அவ்வளவுதான். பழைய வரிசை உள்ளே அப்படியே கிடக்கிறது.

அடுத்த ஆட்டத்தில் கடுதாசியைப் பிரித்துப் போட்டு முடிந்ததும் உரக்கச் சொல்கிறேன்: "அல்பேட், இஸ்பேட் ஜாக் உம்மடை கையிலை!"

அல்பேட் தன் கையைப் பார்த்து வாய் பிளக்கிறார். அவருக்கு முன்னால் இருக்கும் கூட்டாளியோ சிரிக்கிறார். கூட்டாளியிடம் என்ன இருக்கிறது என்று கேட்கக் கூடாத விளையாட்டில், ஆகப் பெரிய கடுதாசியான ஜாக் எங்கே என்று நானே அவருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டேன். இருவரும் சேர்ந்து ஆட்டத்தை அள்ளிக்கொள்கிறார்கள்.

"மெஷினை நீங்கள் வெண்டுபோட்டியள், ஐயா. மீனை நாங்கள் வெண்டுபோட்டம்," என்கிறார் அல்பேட்.

பஸ்ஸில் ஏறியதும் மகளுக்குப் போன் எடுத்து, கசினோ மெஷினை வென்றதை விவரமாகச் சொல்கிறேன்.

"மாமியாக்கள் வந்திட்டினம், அப்பா. இப்ப மெஷினையோ நான் கறி வைக்கிறது?" என்கிறாள்.