ஆய்வு நாளில் நானும் ஒரு நோயாளி

மாநாட்டுக்கு ஆள் ஏற்றும் அதே வேன்தான் அன்றும் எங்கள் தெருவுக்கு வந்தது. கட்சியின் கிளைச் செயலாளர் இறங்கினார்.

"பல் காலேஜுக்கு இன்னைக்கு ஆய்வுக்கு வர்றாங்க. நோயாளிங்க வேணுமாம். ஏறுங்க, பிரியாணி உண்டு."

"எனக்குப் பல்லே இல்லையேப்பா" என்றார் பக்கத்து வீட்டுப் பெரியவர்.

"வாய் இருக்குல்ல? ஏறுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு இரண்டு வாரமாகக் கடைவாய்ப் பல் வலியில் கன்னம் வீங்கி, கஞ்சிதான் ஆகாரம். பல்லைப் பிடுங்கிவிடுவார்கள் என்று நம்பி ஏறினேன்.

கல்லூரி நிற்கும் இடம் என் அப்பா குத்தகைக்கு உழுத வயல். நிலம் கைமாறியபோது, குத்தகை பதிவில் இல்லை என்று தாலுக்கா ஆபீசில் கையை விரித்துவிட்டார்கள். கல்லூரியைக் கட்டியவர் அப்போது ஆளுங்கட்சி. ஆட்சி மாறியதும் அவரும் கட்சி மாறிக்கொண்டார். அந்த வாசலை நான் அதுவரை மிதித்ததில்லை.

உள்ளே ஆளுக்கொரு பழைய நோயாளிச் சீட்டு கொடுத்தார்கள். என் கையில் வந்ததில் வேறு யாரோ பெயர். நான்கு முறை வந்து வைத்தியம் பார்த்ததாக எழுதியிருந்தது. கேட்டால் அப்படியே சொல்ல வேண்டுமாம்.

நாற்காலியில் சாய்ந்தேன். கடைசி வருஷம் படிக்கும் பெண் வாய்க்குள் பார்த்துவிட்டுப் பதறினாள்.

"நிஜமாவே வலியாண்ணே?"

"ஆமாம்மா. எடுத்துவிடு."

"நான் ஒரு பல்லுகூட எடுத்ததில்லண்ணே. பொம்மைத் தாடையிலதான் பழகியிருக்கேன்."

"உங்க வாத்தியாரைக் கூப்பிடேன்."

"அவரும் இன்னைக்கு மட்டும்தான் வந்திருக்காரு" என்றாள், குரலைத் தாழ்த்தி.

ஆய்வாளர் பரிவாரத்தோடு வந்தார். "வைத்தியமெல்லாம் எப்படிங்க?"

ரேஷன் கடையில் எடை குறைந்தாலும் வாய் திறக்காதவன் நான். அன்று வலி பேசவைத்தது.

"இன்னைக்குத்தாங்க முதல்ல வர்றேன். சீட்டு என்னுது இல்லீங்க. இந்தப் புள்ளைக்குப் பல்லெடுக்க யாரும் கத்துக்கொடுக்கல. நீங்க இருக்கும்போதே எடுக்கச் சொல்லுங்க, பாப்போம்."

அவர் என் கன்னத்தைப் பார்த்தார், பிறகு கைக்கடிகாரத்தை. "பாத்துக்கச் சொல்றேன்" என்று அடுத்த நாற்காலிக்குப் போய்விட்டார். அவ்வளவுதான் ஆய்வு.

அவர் கார் கேட்டைத் தாண்டியதும் நாற்காலி விளக்குகளை அணைத்தார்கள். அந்தப் பெண் தன் பையிலிருந்து வலி மாத்திரை இரண்டு எடுத்துக் கொடுத்தாள். அந்தக் கல்லூரி எனக்குச் செய்த வைத்தியம் அதுதான். அதுவும் கல்லூரி கொடுத்ததல்ல.

வேனில் கிளைச் செயலாளர் என்மேல் பாய்ந்தார். "ஊமை மாதிரி இருந்துகிட்டு காரியத்தைக் கெடுக்கப் பாத்தியே, எறங்குய்யா!"

வாய்க்கால் கரையோடு வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். மறுநாள் கும்பகோணத்து அரசு ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா ஐந்தே நிமிஷத்தில் பல்லை எடுத்துவிட்டார்.

கல்லூரிக்கு அனுமதி கிடைத்தது. அந்தப் பெண்ணுக்கும் பட்டம் கிடைத்திருக்கும். அவள் எடுக்கும் முதல் பல் யாருடையதோ.

மறுவருஷம் வேன் வந்தபோது, "நீ வேணாம்யா" என்றார் கிளைச் செயலாளர். பல்லில்லாத பெரியவர்தான் முதல் ஆளாக ஏறினார்.