செஞ்சி ராணிக்கோட்டையில் ஒரு பச்சைப் புட்டி

செஞ்சிக்கு நான் போனது ஒரே ஒரு தடவை. 1964, ஆடி அமாவாசை. கோட்டை பார்க்கப் போகவில்லை. செத்துப்போன எங்கள் மகள் செல்வியை அங்கே பார்க்கலாம் என்று என் வீட்டுக்காரர் சொன்னார், அதற்காகப் போனோம். செஞ்சிக்கு எப்படிப் போவது, எந்த மலை ஏறலாம், என்ன எடுத்துப் போகலாம் என்று இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்கள் அடிக்கடி கேட்கிறீர்கள். எனக்குத் தெரிந்த செஞ்சி இது ஒன்றுதான். வேண்டியதை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுங்கள்.

அவர் புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுப் பட்டாளத்துக்குப் போனவர். எங்கள் ஊரில் சொல்தா என்போம். அல்ஜீரியாவுக்கு அனுப்பினார்கள். அவர் கப்பல் ஏறும்போது செல்விக்கு நாலு வயது. ஆறு வயதில் டைபாய்டு வந்து போய்ச் சேர்ந்தாள். தந்தி அவர் கைக்குக் கிடைத்தபோது இங்கே எல்லாம் முடிந்து மண்ணும் காய்ந்துவிட்டது. 1962இல் பட்டாளத்தை விட்டு வந்தார். வந்த மனுஷன், "எப்படிச் செத்தா?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் அழுதுவிடுவேன் என்று பயமோ, தான் அழுதுவிடுவோம் என்று பயமோ, யார் கண்டது. கேட்காதவரிடம் நானாக எதைச் சொல்வது? நானும் வாயைத் திறக்கவில்லை.

அவர் டிரங்குப் பெட்டியில் ஒரு பச்சைப் புட்டி இருந்தது. அப்ஸாந்த். அது ஒரு கசப்புத் தழையின் பெயர். அந்தத் தழையைப் போட்டு இறக்கிய சாராயத்துக்கும் அதே பெயர்தான். பிரான்சில் தடை செய்துவிட்டார்கள், ஸ்பெயினில் அப்போதும் காய்ச்சினார்களாம். ஓரான் துறைமுகத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த ஒரு யூதக் கிழவர், மகள் செத்த செய்தி கேட்டு, இவருக்கு அந்தப் புட்டியையும் கூடவே ஒரு வண்டி சாஸ்திரத்தையும் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

அந்த சாஸ்திரத்தை இரண்டு வருஷம் கேட்டேன், எனக்கே மனப்பாடம். ஏதேன் தோட்டத்திலிருந்து பாம்பு ஊர்ந்து வெளியேறிய தடத்தில் முளைத்த தழையாம் அது. யூதர்களுக்கு அதன் கசப்பு என்றால் சொந்த மண்ணை விட்டுத் துரத்தப்பட்டவர்களின் துக்கம். கிரேக்கர்கள் அந்தச் செடிக் குடும்பத்துக்கே சந்திர தேவதையின் பெயரை வைத்தார்களாம், அதனால் அமாவாசை விசேஷம். கப்பாலா என்று யூதர்களுக்கு ஒரு மறைஞானம் இருக்கிறது. அதில் கடவுளிடமிருந்து உலகம் வரைக்கும் பத்து வட்டங்கள், மரம் மாதிரி மேலிருந்து கீழே இறங்கும். அதைத் தாங்க மூன்று தூண்கள். ஒன்று கண்டிப்பு, ஒன்று கருணை, நடுவில் ஒன்று. கருணைத் தூணின் அடியில் இருப்பது ஏழாவது வட்டம். அதன் நிறம் பச்சை. பச்சைச் சாராயத்தில் குளிர்ந்த தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழ, அது பால்போல் கலங்கும். கலங்கும் நேரம் ஒரு திரை விலகும், இழந்தவர்களைப் பார்க்கலாம் என்றாராம் கிழவர்.

"அந்தக் கிழவர் யாரைப் பார்த்தாராம்?" என்று கேட்டேன்.

"அத அவரு சொல்லல" என்றார்.

என் கோலமாவை எடுத்துக் கூடத்தில் அந்தப் பத்து வட்டத்தையும் போட்டுவிட்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார். பெருக்கித் தள்ளினால் மறுநாளும் போடுவார். ஒரு தடவை திருவண்ணாமலைக்கு பஸ்ஸில் போனவர், வழியில் செஞ்சியின் மூன்று மலைகளையும் பார்த்துவிட்டார். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி. மூன்று மலை, மூன்று தூண். போதாதா? பெரிய ராஜகிரி கண்டிப்பாம். ஜனங்கள் ராணிக்கோட்டை என்று சொல்கிற கிருஷ்ணகிரி கருணையாம். அமாவாசை உச்சிப்பொழுதுக்கு அங்கே போயே ஆக வேண்டும் என்று நின்றார்.

கிறுக்கு முற்றிவிட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் தனியாக அனுப்ப மனசு வரவில்லை. அங்கே ஒன்றும் தெரியாமல் போனால், அந்த உச்சியிலிருந்து இந்த மனுஷன் திரும்பி இறங்குவாரா என்று எனக்குச் சந்தேகம். பிள்ளையைக் கொடுத்தாயிற்று, இவரையும் கொடுக்க என்னால் ஆகாது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒருவேளை நிஜமாகவே வந்தால்? அந்த நப்பாசை எனக்கும் இருந்தது.

காலை ஆறு மணி பஸ். புதுச்சேரியிலிருந்து திண்டிவனம் வந்து, அங்கே வேறு பஸ் மாறினால் செஞ்சி பதினேழு மைல். அப்போது சென்னை ராஜ்ஜியத்தில் மதுவிலக்கு. எங்கள் ஊரில் கடையில் விற்கிற சரக்கு, எல்லை தாண்டினால் ஜெயில். புட்டியைத் துண்டில் சுற்றி என் பைக்குள் வைத்திருந்தேன். கூடவே மண் கூஜாவில் தண்ணீர், ஒரு கண்ணாடி டம்ளர், சர்க்கரைக் கட்டி. சர்க்கரையை வைத்துச் சொட்டுவிட ஓட்டைக் கரண்டி வேண்டுமாம், என் பூந்திக் கரண்டியையும் தூக்கிக்கொண்டார்.

திண்டிவனத்தில் ஏறிய பஸ்ஸில் மூச்சுவிட இடமில்லை. பாதிக் கூட்டம் மேல்மலையனூர் அங்காளம்மனுக்குப் போகிற கூட்டம். கோழி, எலுமிச்சம்பழம், வேப்பிலை, தலைவிரித்த பெண்கள். என் பக்கத்தில் சிங்கவரத்துக்காரி ஒருத்தி, பெயர் அஞ்சலை, கோயில் வாசலில் விற்க ஒரு கூடை மரிக்கொழுந்தை மடியில் வைத்திருந்தாள். செஞ்சிக்கு முன்னாலேயே ஒரு நிறுத்தத்தில் போலீஸ்காரர் ஏறினார். சாராயம் தேடுகிறார்கள் என்று பஸ்ஸே முணுமுணுத்தது. பையிலிருந்து புட்டியின் கழுத்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

அஞ்சலை குனிந்து பார்த்தாள். "இன்னாம்மா, படையலுக்கா?"

அந்தப் பக்கம் காவல் தெய்வத்துக்குச் சாராயம் படைப்பது வழக்கம். அமாவாசையன்று புட்டியைத் துணியில் சுற்றிப் பத்திரமாகக் கொண்டுபோகிறவளை வேறு என்னவென்று நினைப்பாள்? தலையை ஆட்டினேன். "குடு இங்க" என்று வாங்கி, கூடையின் அடியில் சொருகித் தழையால் மூடிவிட்டாள்.

"கூடையில இன்னா?" என்றார் போலீஸ்காரர்.

"மரிக்கொழுந்து சார். வேற இன்னா இருக்குது? வாணும்னா கூடைய கொட்டிப் பாரு, நீயே கட்டிக் குடுத்துட்டுப் போ."

பஸ் சிரித்தது. அவர் இறங்கிவிட்டார்.

புட்டியை அவள் திருப்பிக் கொடுத்தபோது மரிக்கொழுந்து அதில் ஒட்டிக்கொண்டு வந்தது. வீட்டுக்காரர் ஒரு கொத்தை எடுத்துக் கசக்கி மோந்தார். மறுபடியும் மோந்தார். "இதே குடும்பம்தான். கெழவர் காஞ்ச தழையக் காட்டினாரு. இதுதான், அதோட பங்காளி" என்றார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "கடல் தாண்டிப் போயி இதையா கத்துக்கிட்டு வந்தீங்க? வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை நம்ம பொண்ணு தலையில வெச்ச மரிக்கொழுந்துங்க இது!"

அஞ்சலை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "பொண்ணுக்கு இன்னாச்சு?" என்றாள். "செத்துட்டா" என்றேன். ஒரு கை நிறையத் தழையை அள்ளி என் மடியில் போட்டாள். காசு கொடுத்தேன், வாங்கவில்லை.

செஞ்சி பஸ் நிலையத்திலிருந்து கோட்டை ஒன்றேகால் மைல். ஜட்கா அரை ரூபாய். வண்டிக்காரர் பாதி வழியில் திரும்பி, "எல்லாரும் ராஜாகோட்டைக்குத்தான் போவாங்க, நீங்க இன்னா ராணிக்கோட்டைக்கு? அங்க ஒண்ணும் இல்லியே சார்" என்றார். கிருஷ்ணகிரி சின்ன மலைதான், எங்களுக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. படிகள் நல்ல படிகள், ஆனால் நிழல் கிடையாது. மேலே பழைய நெற்களஞ்சியங்கள். உச்சியில் குவிமாடம் வைத்த ஒரு மண்டபம், நாலு பக்கமும் ஜன்னல். காற்று பிய்த்துக்கொண்டு போகும். எதிரே ராஜகிரி. வடக்கே சிங்கவரத்து வயல்கள், வேர்க்கடலைச் செடி பச்சைப் பசேலென்று.

மண்டபத்துத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். டம்ளரில் பச்சையை ஊற்றி, மேலே பூந்திக் கரண்டி, அதன்மேல் சர்க்கரை. என்னைத் தண்ணீர் விடச் சொன்னார். விட்டேன். முதலில் ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் அடியிலிருந்து வெள்ளையாகச் சுருண்டு எழும்பி, டம்ளர் முழுக்கப் பாலாகிவிட்டது. சோம்பு வாசனை. நானும் குனிந்து அதையே பார்த்தேன், பொய் சொல்வானேன்.

பாதி குடித்தார். கண்ணை மூடித் திறந்து ஜன்னலோரத்தைப் பார்த்தார். அந்த முகத்தைக் கல்யாணமான புதிதில்தான் பார்த்திருக்கிறேன்.

"வந்துட்டா" என்றார்.

டம்ளரை அவர் கையிலிருந்து பிடுங்கினேன். பிறந்ததிலிருந்து சாராயத்தைத் தொடாதவள், மிச்சத்தை ஒரே மடக்கில் குடித்தேன். தொண்டை எரிந்தது, கசப்பு மூக்கு வரை ஏறியது. அவர் பார்த்த இடத்தையே பார்த்தேன். சுண்ணாம்பு உதிர்ந்த சுவர். கீழே வௌவால் எச்சம். "செல்வி, அம்மாடி" என்று கூப்பிட்டேன். அந்த மண்டபத்தில் எதிரொலிகூட வரவில்லை. புட்டியோடு வாயில் வைத்து இன்னும் குடித்தேன். பெற்றவளுக்குக் காட்டாத கருணை என்ன கருணை, தூக்கிக் குப்பையில் போடு என்று கத்தினேன். ஒன்றும் இல்லை. ஒன்றுமே இல்லை.

கொஞ்சம் அடங்கியபிறகு கேட்டேன். "எப்படி இருக்கா?"

"அப்படியே இருக்கா. சிரிக்கிறா. ரெட்டைச் சடை, மரிக்கொழுந்து வெச்சிருக்கா."

காய்ச்சல் மூன்றாவது வாரத்தில் செல்வியின் முடியெல்லாம் சிக்குப் பிடித்துக் கொத்துக் கொத்தாகக் கொட்டியது. தலையில் ஈரத்துணி போட வேண்டும், எடுத்துவிடுங்கள் என்றார் டாக்டர். நான்தான் மடியில் படுக்க வைத்துப் பிடித்துக்கொண்டேன், நாவிதர் மழித்தார். மொட்டைத் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "நைனா வர்றதுக்குள்ள வளந்துடுமாம்மா?" என்று கேட்டாள். வளர்ந்துடும்டா என்றேன். அரை அங்குலம் வளர்வதற்குள் போய்விட்டாள். அந்தத் தலையோடுதான் புதைத்தோம்.

இது அவருக்குத் தெரியாது. கேட்டதில்லை. அவர் பார்த்தது கப்பல் ஏறும்போது விட்டுப்போன குழந்தையை. என் குழந்தை, கடைசியாக என் மடியில் கிடந்த அந்தக் குழந்தை, அங்கே வரவில்லை. சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். "நல்லாயிருக்காளா, சரி" என்று மட்டும் சொன்னேன்.

மலை இறங்கும்போது பாதிப் புட்டி மிச்சம் இருந்தது, பாறையில் கொட்டிவிட்டார். இனி வேண்டாம் என்றார். திரும்பும் பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கினார். பட்டாளத்திலிருந்து வந்தபிறகு அவர் அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை. வீட்டில் வட்டம் போடுவது நின்றது. வேலைக்குப் போனார், சிரித்தார், அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். சாகிற வரைக்கும் அமாவாசையன்று, "அன்னிக்கு எவ்வளவு அழகா இருந்தா இல்ல?" என்பார். ஆமாம் என்பேன். ஆளைக் காப்பாற்றிக்கொண்டேன், அது நிஜம். ஆனால் எங்கள் பிள்ளையைப் பற்றிப் பேச எனக்கு வீட்டில் ஆள் இல்லாமல் போயிற்று. அந்த மொட்டைத் தலையை நான் ஒருத்தியாகத்தான் இத்தனை வருஷமும் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

அப்ஸாந்த் பற்றிப் பிற்பாடு படித்தேன். அந்தப் பச்சை, தழையிலிருந்து இறங்குகிற நிறம். கலங்குவது சோம்பு எண்ணெய் தண்ணீரில் கரையாததால். தோற்றம் காட்டும் என்பதெல்லாம் பேச்சு, சரக்கின் வீரியம்தான் காரணம் என்கிறார்கள். இருக்கட்டும்.

போகிறவர்களுக்கு: வெயிலுக்கு முன்னால் ஏறுங்கள். மேலே தண்ணீர் கிடையாது, ஆளுக்கு இரண்டு புட்டி எடுத்துப்போங்கள். குரங்குகள் பையைப் பிடுங்கும். நாங்கள் போனபோது டிக்கெட் கேட்ட நினைவில்லை, இப்போது உண்டாம், விசாரித்துக்கொள்ளுங்கள். அமாவாசையன்று போகாதீர்கள், மேல்மலையனூர்க் கூட்டத்தில் பஸ்ஸில் கால் வைக்க முடியாது. முட்டிவலிக்காரர்கள் ராஜகிரியை விட்டுவிட்டு ராணிக்கோட்டைக்குப் போகலாம். மண்டபத்தில் நல்ல காற்று, உட்கார்ந்து சாப்பிடலாம்.

எங்களைப் போல யாரையாவது பார்க்க வேண்டும் என்று போகிறீர்கள் என்றால், வேண்டாம். அங்கே யாரும் இல்லை. நான் நன்றாகப் பார்த்துவிட்டேன்.