மூணு புள்ளி ஒன்பது

காரின் கதவை இரண்டே விரலால் தள்ளுகிறாள். அது மெத்தென்று மூடிக்கொள்கிறது. "கேட்டீங்களா சார்? அடிச்சுச் சாத்த வேண்டியதே இல்ல" என்கிறாள், வாங்க வந்தவரின் கண்ணிலிருந்து பார்வையை எடுக்காமல். கை மட்டும் தன் பாட்டுக்குத் துணியை எடுத்து, கதவில் விழுந்த விரல் ரேகையைத் துடைத்துவிடுகிறது. அந்தச் சிவப்புக் கூபே ரக ஸ்போர்ட்ஸ் காரின் பக்கத்தில் நிற்கும்போது அவள் கொஞ்சம் உயர்ந்துவிட்டதுபோல் இருக்கும். கார் அத்தனை தாழ்வு என்பதும் ஒரு காரணம்.

பிறகு ஆரம்பிப்பாள். காகிதம் கிடையாது, தடுமாற்றம் கிடையாது. "இன்ஜின் பின்னாடி சார். நாலு லிட்டர், ஆறு சிலிண்டர். மூணு இந்தப் பக்கம், மூணு அந்தப் பக்கம், மல்லாக்கப் படுத்துக்கிட்டே வேலை செய்யும். டர்போ வெச்சு ஊதுற வேலையெல்லாம் இல்ல, தானா மூச்சு இழுத்து தானா விடும். நிமிஷத்துக்கு எட்டாயிரத்து எழுநூறு சுத்து. நானூத்தி எண்பது குதிரை." இங்கே நிறுத்துவாள். எதிரில் இருப்பவர் எச்சில் விழுங்கும்வரை விட்டுவிட்டு, "நின்ன இடத்துலேர்ந்து நூறைத் தொட மூணு புள்ளி ஒன்பது செகண்டு" என்பாள். ஷோரூமில் அவளுக்கு அதுவே பெயராகிவிட்டது. "மூணு புள்ளி ஒன்பதைக் கூப்பிடு, டீ ஆறுது" என்றுதான் சத்தம் வரும்.

வீட்டிலும் அதே அளவுகோல்தான். பள்ளிக்குக் கிளம்பும் மகள் ஷூ லேஸோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தால், "நீ ஒரு முடிச்சுப் போடுறதுக்குள்ள என் வண்டி நூறைத் தாண்டியிருக்கும்டி" என்பாள். மகளும் லேசுப்பட்டவள் இல்லை. ஒருநாள் நிமிர்ந்து பார்த்து, "உன் வண்டின்னா அதுலயே என்னைக் கொண்டுபோய் விடேம்மா" என்றாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் லேஸைப் பற்றிப் பேச்சே எழவில்லை.

விஷயம் இதுதான்: மூணு புள்ளி ஒன்பதுக்கு ஓட்டுநர் உரிமம் கிடையாது. இத்தனை வருஷமாக அது யாருக்கும் தெரிய வேண்டிய அவசியம் வரவில்லை. வாங்க வருபவர் ஓட்டிப் பார்ப்பார். இவள் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து, அவர் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே போய் வருவாள். திரும்பி வரும்போது பாதி விற்பனை முடிந்திருக்கும். போன மாதம் புது மேனேஜர் வந்தார். வந்த வேகத்தில் ஒரு விதி போட்டார்: போகும்போது விற்பவர் ஓட்டிக் காட்ட வேண்டும், வரும்போதுதான் வாடிக்கையாளர் கையில் கொடுக்க வேண்டும். "லைசென்ஸ் இல்லாதவங்க மாசக் கடைசியிலேர்ந்து மாடியில போன் எடுக்கட்டும்" என்றார். அவள் பக்கம் திரும்பிக்கூடச் சொல்லவில்லை. மாடி அறைக்கு ஜன்னல் இல்லை. அங்கே பேசலாம், நாள் பூராவும் பேசலாம். ஆனால் எதிரே ஒரு முகம் இருக்காது, துடைக்க ஒரு கதவு இருக்காது.

முயற்சி செய்யாமலும் இல்லை. இதற்கு முன்பே இரண்டு தடவை தேர்வுக்குப் போய், இரண்டு தடவையும் ஒரே தப்பில் தோற்றுத் திரும்பியிருக்கிறாள். முதல் தடவை, பக்கத்தில் இருந்த அதிகாரி ஏதோ சொல்ல, பழக்கதோஷத்தில் முழுசாகத் திரும்பி அவர் கண்ணைப் பார்த்துத் தலையாட்டினாள். "அம்மா, ரோட்டைப் பாருங்க. என் மூஞ்சியில என்ன இருக்கு?" என்று அவர் அலறினார். "மன்னிச்சுக்குங்க சார்" என்றாள், அதையும் அவரைப் பார்த்தே. இரண்டாவது தடவை அவர் மரியாதைக்கு, "என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டுத் தொலைத்தார். நாலு லிட்டரில் தொடங்கி மூணு புள்ளி ஒன்பது வரை இழுத்துப் பேசக்கூடியவளிடம் அப்படியா கேட்பது? நானூத்தி எண்பதுக்கு வரும்போது கார் நடைபாதை மேல் ஏறி நின்றது.

கணவன் பேருந்து ஓட்டுநர். நிதானத்துக்கே பெயர் வாங்கினவன். வீட்டிலிருக்கும் பழைய சின்னக் காரில் அவளுக்குப் பழக்கிவிட உட்கார்ந்தான். பக்கத்துச் சீட்டில் இருந்தபடி ஒவ்வொரு திருப்பத்திலும் அவன் வலது கால் தானாகத் தரையை அழுத்தும். அங்கே பிரேக்காவது மண்ணாவது, வெறும் கால்மிதிதான். ஓட்டுகிறவளின் கால்மிதி புதுசாக இருக்க, அவன் பக்கத்துக் கால்மிதி தேய்ந்து ஓட்டை விழுந்தது. "எதுக்குங்க இப்ப அழுத்துறீங்க? நான் என்ன மோதிட்டேனா?" என்று அவள் திரும்புவாள். திரும்பிய மாத்திரத்தில் கார் ஒரு பக்கமாகச் சாயும், அவன் இன்னும் அழுத்துவான்.

கடைசியில் அவனே ஒரு வழி கண்டுபிடித்தான். கதவைத் திறந்து இறங்கி, பின்சீட்டில் அவளுக்கு நேர் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டான்.

"அங்க என்ன பண்றீங்க?"

"இங்கேர்ந்து கேள்வி கேப்பேன். நீ ரோட்டைப் பாத்துக்கிட்டே பதில் சொல்லு. திரும்பினே, இறங்கி நடந்து போயிடுவேன்."

கேட்டான். எத்தனை சிலிண்டர், எத்தனை சுத்து, எத்தனை குதிரை. அவள் முன்கண்ணாடியைப் பார்த்துக் காரை விற்றாள். முகம் இல்லாத ஆளிடம் பேசுவது முதலில் சுவரோடு பேசுவதுபோல் இருந்தது. போகப்போகக் கழுத்து அடங்கியது. ஒருநாள் அவன், "சரி, நூறுல போறப்ப பிரேக் அடிச்சா எத்தனை மீட்டர்ல நிக்கும்?" என்றான்.

"அதை யாரும் கேக்குறதில்லீங்க."

"பின்னாடி ஒரு பஸ் நிறைய ஆளை வெச்சுக்கிட்டு ஓட்டுறவன் கேப்பான்."

மறுநாள் வேலைக்குப் போனதும் முதல் காரியமாக சர்வீஸ் பிரிவில் கேட்டுத் தெரிந்துகொண்டாள். முப்பத்திரண்டு மீட்டர். வீடு திரும்பியதும் அவனிடம் அதைச் சொன்னாள்.

மூன்றாம் தடவை தேர்வுக்கு அதே அதிகாரிதான் வந்தார். சீட்டு பெல்ட்டை இறுக்கிக்கொண்டு அவரே பேச்சுக் கொடுத்தார். "இன்னும் கார்தான் விக்குறீங்களா?" "ஆமா சார்" என்றாள் முன்கண்ணாடியிடம். "என்ன காரும்மா அது?" "இறங்கினப்புறம் சொல்றேன் சார்." அவ்வளவுதான் பேச்சு. உரிமம் கைக்கு வந்தபோது மாசக் கடைசிக்கு மூச்சுவிடும் அவகாசம்தான் இருந்தது.

மேனேஜர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வாடிக்கையாளரை ஏத்துறதுக்கு முன்னாடி உங்க ஆளு யாரையாவது பக்கத்துல உக்கார வெச்சு ஒரு சுத்து ஓட்டிட்டு வாங்க. நான் பாக்கணும்." கணவன் தன் விடுமுறை நாளில், இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து சேர்ந்தான். நேராகப் பின்கதவைத் தேடினான். இரண்டு கதவுக் காரில் பின்கதவுக்கு எங்கே போவது? உள்ளே எட்டிப் பார்த்தான். பின்சீட்டு என்று ஒன்று இருந்தது. ஒரு பையை வைக்கலாம்.

"முன்னாடி உக்காருங்க" என்றாள்.

கூரையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உள்ளே இறங்கினான். "கிணத்துல இறங்குற மாதிரி இருக்கு" என்று முனகினான். அவள் சிரித்தாள், ஆனால் திரும்பவில்லை. இன்ஜினைப் போட்டதும் முதுகுக்குப் பின்னால் அது உறுமியது. இண்டிகேட்டர் விளக்கைப் போட்டு, இருபுறமும் பார்த்து, ஒரு பேருந்துக்கு வழி விட்டு, சாலையில் இறங்கினாள். ஆளில்லாத நீள் சாலை வந்ததும் ஒரே ஒருமுறை மிதித்தாள். ஆறு சிலிண்டரும் சேர்ந்து கூவின. இரண்டு பேரின் முதுகும் சீட்டில் ஒட்டிக்கொண்டது. தூரத்தில் சிக்னலில் சிவப்பு விழுந்தது. கார் கோட்டுக்கு வெகு முன்பே அடங்கி, பதவிசாகப் போய் நின்றது.

"எத்தனை மீட்டர்னு சொன்னே?"

"முப்பத்திரண்டு" என்றாள் சிவப்பு விளக்கைப் பார்த்து.

ஷோரூம் வாசலில் மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். அவள் கோட்டுக்குள் காரை நிறுத்தினாள். ஹேண்ட் பிரேக் போட்டாள். இன்ஜினை அணைத்தாள். அதற்குப் பிறகுதான் கணவன் பக்கம் திரும்பினாள். வழியெல்லாம் எத்தனை தடவை அழுத்தினானோ என்று பார்வை நேராக அவன் காலடிக்குப் போனது.

அந்தப் பள்ளமான சீட்டில், முழங்கால் டாஷ்போர்டில் இடிக்க, அவன் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான்.